காப்புக் கட்டிய தவளைகள்

நான் இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். விட்டவன் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். சிலேட்டில் எழுத்துக்குப் பதிலாக வாத்தியாரின் முகத்தை வரைந்தேன். மூக்குப்பொடி ஒழுகுவதையும் விடாமல் வரைந்ததற்காக வெளியே அனுப்பினார்கள். எழுதப் படிக்க என் மனைவி சொல்லிக்கொடுத்தது தலை நரைத்த பிறகுதான். அப்பேர்ப்பட்ட எனக்கு, தவளையின் மண்டையிலிருந்து புறப்படும் பத்து நரம்புகளின் பெயரும் இங்கிலீஷில் வரிசையாகத் தெரியும். வீட்டுக்கு யாராவது வந்தால் ஒப்பித்துக் காட்டுவேன். இரண்டாவது தடவை அவர்கள் வருவதில்லை.

அதைக் கற்றது என் கொழுந்தியாளுக்காக. மனைவியின் தங்கை. ஐம்பதுகளின் நடுவில், செங்கோட்டை மலையாள ராஜ்யத்தை விட்டு நம் பக்கம் வந்து சேர்ந்த சமயம் அது. மாமனார் வீடு தென்காசியில், கோயிலுக்கு அடுத்த தெரு. இலஞ்சியில் வயல். சுத்த சைவம். முட்டையை முட்டை என்று சொல்லாமல் 'அது' என்று சொல்கிற வீடு. அந்த வீட்டிலிருந்து ஒருத்தி பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கி பி.எஸ்ஸி. விலங்கியல் படித்தாள். விலங்கியல் என்றால் மாடு கன்று வளர்க்கிற படிப்பு என்று மாமனார் நினைத்திருந்தார். படிப்பு முடிகிறவரை யாரும் அவரைத் திருத்தவில்லை.

முடிந்தபோதுதான் தெரிந்தது. பேப்பர்களில் தத்தித் தத்திக் கரையேறியிருந்தாள். பிராக்டிகலில் முங்கிவிட்டாள். அவளுக்கு மெடிக்கல் காலேஜில் சேர வேண்டும். மெயின் பாடம் முழுவதையும் வருகிற பங்குனியில் திரும்ப எழுதி, மார்க்கை மேலே தூக்கினால்தான் மனுவே போடலாம். "இந்த மார்க்க வச்சி மனுப் போட்டா கவரப் பிரிக்கிற பியூனே சிரிப்பான்" என்று அவளே சொன்னாள்.

மாமனார் ஒரு நாள் முழுக்க யோசித்தார். பிறகு நடையில் நின்று தீர்ப்புச் சொன்னார். "ஒரு தடவ. ஒரே ஒரு தடவ. இதுலயும் கவுந்துட்டன்னா மெடிக்கல் காலேஜுங்கிற பேச்ச இந்த வீட்டுக்குள்ள எடுக்கப்படாது. ஆனா அந்த ஈனப் பெறவியள இங்கன வச்சி அறுக்கதுக்கு நான் விடமாட்டேன். பூசையறை இருக்க வீடு இது."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். குடும்பத்தில் எது வீட்டுக்குள் கூடாதோ அதற்கெல்லாம் ஒரு இடம் உண்டு என்றால் அது நான் இருக்கிற இடம்தான். குற்றாலத்தில் ஒரு மதுரைக்கார முதலாளியின் பங்களாவுக்கு நான் காவல். சீசனில் வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்தும் விடுவேன். மாமனாரின் அக்காள் மகன் என்கிற ஒரே தகுதியில் பெண் கிடைத்தவன். ஐப்பசியில் பங்களா காலியாகத்தான் கிடக்கும். கொழுந்தியாள் ஒரு டிரங்குப் பெட்டி, மெழுகு ஊற்றிய ஒரு தகரத் தட்டு, குண்டூசி டப்பா, கத்தி கத்தரிக்கோல் அடங்கிய ஒரு சின்னப் பெட்டியோடு வந்து இறங்கினாள்.

சீசன் இல்லாத குற்றாலத்தை வெளியூர்க்காரர்கள் பார்த்திருக்க மாட்டார்கள். ஆடியில் சந்தைக்கடை மாதிரி இருக்கிற தெருவில் ஐப்பசியில் ஒரு நாய்கூட இருக்காது. வரிசையாகப் பூட்டிய பங்களாக்கள். பகல் மூன்று மணிக்கே மலை இறங்கி வந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி மேகம் நிற்கும். எல்லாவற்றுக்கும் அடியில் அருவிச் சத்தம். அது ஓயாது. ஓயாததாலேயே நமக்குக் கேட்காது.

வந்த அன்று கேட்டேன். "ஏட்டி, டாக்டராயி என்ன செய்யப் போற?"

"உள்ள என்ன இருக்குன்னு பாக்கணும் அத்தான்."

"யாருக்கு உள்ள?"

"எல்லாருக்கும்தான். ஒங்களுக்கும்."

நான் வயிற்றை எக்கிக்கொண்டேன். அவள் சிரிக்கவில்லை.

பாடத்தில் எப்படி உதவுவது? அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். "அத்தான், ஒங்களுக்கு ஒண்ணும் புரியாதுல்லா?"

"சத்தியமா."

"அதான் வேணும். நான் நாலு தடவ சொல்லுதேன். சத்தத்த மட்டும் மனசுல வையுங்க. அஞ்சாவது தடவ சொல்லும்போது மாறுச்சின்னா புடியுங்க."

அப்படித்தான் நடந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள், நான் எதிரே உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டே கேட்பேன். அர்த்தம் தெரியாதவனுக்குச் சத்தம் நன்றாக நிற்கும். வழியில் கல் பெயர்ந்து கிடந்தால் கண் தெரியாதவனுக்குத்தானே முதலில் தெரியும். அந்தப் பத்து நரம்புகளில் நாலாவதை அவள் எப்போதும் விட்டுவிடுவாள். ஆல்பேக்டரி, ஆப்டிக், ஆக்குலோமோட்டார் என்று போய், நேராக ட்ரைஜெமினல் என்பாள்.

"நாலாவத விட்டுட்ட!" என்பேன்.

"ட்ரோக்ளியர்" என்று தலையில் அடித்துக்கொள்வாள்.

மார்கழிக்குள் எனக்கு எல்லாம் நாக்கில் ஏறிவிட்டது. ஒரு தடவை தென்காசியில் ஓய்வுபெற்ற ஒரு பெரியவருக்கு எண்ணெய் தேய்க்கப் போனபோது என்னை அறியாமல் முதுகில் தட்டிக்கொண்டே பத்தையும் சொல்லிவிட்டேன். அவர் பாதியில் எழுந்து, "அண்ணாச்சி, எனக்கு மந்திரம் எதுவும் வெச்சிரலையே?" என்று துண்டைத் தேடினார்.

பேப்பருக்கு இது போதும். பிராக்டிகலுக்குத் தவளை வேண்டும். இலஞ்சி வயல்களில் பட்டப்பகலில் மழையில் நனைந்துகொண்டு நான் சாக்குப்பையோடு அலைந்தேன். நடவுக்கு வந்த ஆட்கள் வரப்பில் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"என்ன அண்ணாச்சி, சைவத்துல இருந்து எறங்கிட்டியளா?"

"எறங்கல. தவளைய ஏத்துதேன். பி.எஸ்ஸி. படிக்க வைக்கப் போறேன்."

"தொட வறுத்தா நல்லாருக்கும்னு செங்கோட்டப் பக்கம் சொல்லுதாவ."

"ஒன் தொடையவா?"

பிடித்தவற்றை ஒரு பெரிய பானையில் விட்டு, வாயைத் துணியால் கட்டி, பின்கட்டில் வைத்தேன். முதல் நாளே ஒன்று கவனித்தேன். வெளியே வாய்க்காலில், வயலில், ஊரே கூடிக் கத்துகிறது. பானைக்குள் பதினைந்து தவளைகள் இருந்தும் ஒன்றுகூட வாய் திறக்கவில்லை. காதை வைத்துக் கேட்டேன். ஈரமான தோல் ஒன்றோடொன்று உரசுகிற சத்தம் மட்டும்தான் கேட்டது.

கொழுந்தியாள் ஒரு தவளையை எடுத்து வரச் சொன்னாள். கொண்டுபோனபோது அவள் கையில் மஞ்சள் நூல் இருந்தது.

எங்கள் பக்கத்தில் கோயில் திருவிழா என்றால் முன்கூட்டியே கையில் மஞ்சள் நூல் கட்டிக்கொள்வார்கள். அதற்குக் காப்பு என்று பேர். கட்டிக்கொண்டவர் விழா முடிந்து அதை அவிழ்க்கிறவரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. கல்யாணமோ சாவோ, எல்லைக்கு இந்தப் பக்கம் நின்றுதான். அதே மாதிரி நூலை அவள் தவளையின் பின்னங்காலில் மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டாள்.

"இது என்னட்டி கூத்து?"

"காப்புக் கட்டிட்டா அது என் பொறுப்பு அத்தான். நீங்க வெளிய போங்க."

கதவு சாத்தப்பட்டது. ஒரு மணி நேரம் கழித்து வாழை இலையில் கட்டிய ஒரு பொட்டலத்தை நீட்டினாள். முகம் வெளுத்திருந்தது. "மரியாதையா பொதைங்க" என்றாள்.

பின்னால் பலாமரத்தடியில் குழி வெட்டி, பொட்டலத்தை வைத்து, திருநீறு தூவி மூடினேன். மூன்று நாளுக்கு ஒன்று என்று இப்படியே நடந்தது. ஐந்தாவது பொட்டலத்துக்கு எனக்குத் தெரிந்த அரைத் தேவாரத்தையும் பாடினேன். மீதி அரை தெரியாததால் முதல் அரையை இரண்டு தடவை.

கார்த்திகை கடைசியில் ஒரு சாயங்காலம், விளக்கேற்றுகிற நேரம். வாசல் படியில் ஒரு தவளை உட்கார்ந்திருந்தது. தவளை உட்காருவது அதிசயமில்லை. விரட்டலாம் என்று காலைத் தட்டினேன். அது அசையவில்லை. குனிந்து பார்த்தேன். பின்னங்காலில் மஞ்சள் நூல். மூன்று சுற்று.

அந்தத் தவளையை நான் புதைத்திருந்தேன்.

உள்ளே வந்து சாப்பிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. நம் பேச்சை யார் நம்புவார்கள்? வாழ்நாள் முழுக்கப் புளுகிய வாய் இது. மறுநாள் காலையில் மேகம் வாசல்வரை இறங்கியிருந்தது. கிணற்றடியில் ஒன்று இருந்தது. வாய்க்கால் மதகில் இன்னொன்று. இரும்புக் கேட்டுக்கு ஒரு முழம் உள்ளே மூன்றாவது. எல்லாம் காலில் நூலோடு. ஊரெல்லாம் தவளை கத்திக்கொண்டிருக்க, இவை மூன்றும் கத்தாமல் வீட்டைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தன. தொண்டை மட்டும் ஏறி இறங்கியது.

நான் தைரியசாலி என்று நினைக்க வேண்டாம். மூன்றாம் நாள் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு அடுப்படிக்கு ஓடி மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"நானும் பாத்தேன்" என்றாள். "ஆறு இருக்கு."

"எப்படிட்டி? செத்ததுல்லா?"

"காப்புக் கட்டினதுல்லா. அவுக்காம எங்கன போவும்? அதான் கேட்டத் தாண்ட மாட்டேங்குது."

அவள் சாதாரணமாகச் சொன்னதுதான் எனக்குக் குளிர் எடுக்க வைத்தது. அவள் சொன்ன பிறகுதான் யோசித்தேன். உண்மைதான், ஒன்றுகூடக் கேட்டுக்கு அந்தப் பக்கம் இல்லை.

அன்று மத்தியானம் மண்வெட்டியோடு பலாமரத்தடிக்குப் போனேன். மேகத்தில் மரத்தின் அடி மட்டும்தான் தெரிந்தது, மேலே மரம் இருக்கிறதா என்று தெரியவில்லை. முதல் குழியைத் தோண்டினேன். பொட்டலம் இருந்தது. கனமும் இருந்தது. அப்பாடா என்று இருந்தது. உடனே அது இன்னும் பயமாக இருந்தது. இங்கே இருப்பது அந்தத் தவளை என்றால், படியில் இருப்பது எது?

நாரை அவிழ்த்து இலையைப் பிரித்தேன்.

வாழைத்தண்டு.

அழுக ஆரம்பித்திருந்த வெறும் வாழைத்தண்டு. ஆனால் சும்மா வெட்டிப் போட்ட துண்டு இல்லை. நடுவில் நேராகக் கீறி, இரண்டு பக்கமும் தோலை மடக்கி விரித்து, உள்ளே இருக்கிற நாரை ஒவ்வொன்றாக, அறுந்துவிடாமல் இழுத்துத் தனித்தனியாகப் படுக்க வைத்திருந்தாள். எண்ணினேன். ஒரு பக்கம் பத்து. மறுபக்கம் பத்து. ஒவ்வொரு பொட்டலமாகத் தோண்டினேன். எல்லாம் தண்டு. கடைசிப் பொட்டலத்தில் நார் தலைமுடியைவிட மெலிதாக இருந்தது. ஒன்றுகூட அறுபடவில்லை.

கூட்டு வைக்க வேண்டிய காய்க்கு நான் தேவாரம் பாடியிருக்கிறேன்.

சிரித்துக்கொண்டே உள்ளே போனேன். அவள் அறையில் தரையில் உட்கார்ந்திருந்தாள். என் கையில் மண்ணைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள்.

"தோண்டிட்டியளா?"

"ஏட்டி, பரீட்சையில வாழத்தண்டா குடுப்பாவ?"

அவள் ஜன்னலைக் காட்டினாள். "கட்டுவேன். கத்திய எடுப்பேன். பொறவு அந்தால எறக்கி விட்டுருவேன்." பிறகு, போன வருஷம் பிராக்டிகலில் நடந்ததைச் சொன்னாள். மயக்க மருந்து கொடுத்த தவளையைத் தட்டில் விரித்து வைத்திருந்தார்கள். தோலைக் கீறினாள். நெஞ்செலும்பைத் தூக்கினாள். உள்ளே இதயம் துடித்துக்கொண்டிருந்தது. அது துடிக்கும் என்று அவளுக்குத் தெரியும், புத்தகத்தில் உண்டு, நானே நூறு தடவை கேட்டிருக்கிறேன். ஆனால் அன்றைக்கு அவள் காதில் அவளுடைய நெஞ்சு அடிக்கிற சத்தம் கேட்டது. தட்டில் இருப்பதும் இதுவும் ஒரே தாளத்தில் அடித்தன. "நான் அத நிப்பாட்டினா இதுவும் நின்னு போவும்னு தோணிச்சி அத்தான். கத்திய கீழ வச்சிட்டேன். எக்ஸாமினர் கேட்டதுக்கு ஒரு பதிலும் சொல்ல வரல."

எனக்கு ஒரு வேடிக்கைப் பேச்சு வாயில் வந்தது. வந்த வழியே திரும்பிப் போயிற்று.

ஜன்னலுக்கு வெளியே கையளவு தள்ளி, சுவரோரக் கல்லில் ஒரு தவளை இருந்தது. மஞ்சள் நூலோடு. எங்களைப் பார்த்துக்கொண்டு.

"தை பொறந்தா வயல் காஞ்சிரும்" என்றேன். "தவள கெடைக்காது. ஒரு மாசந்தான் இருக்கு. ஒங்கப்பா ஒரு தடவைன்னா ஒரு தடவதான்."

"தெரியும்."

"நாளைக்கி நானும் உள்ள இருக்கேன்."

"நீங்க மயங்கி விழுந்தா யாரு தூக்குவா?"

"ஒங்கக்கா. அவ இருவது வருசத்துக்குத் தூக்கதா ஒத்துக்கிட்டுத்தான் கழுத்த நீட்டிருக்கா."

மறுநாள் காலை. மார்கழிப் பனியும் மேகமும் சேர்ந்து ஜன்னல் வெறும் வெள்ளையாக இருந்தது. அவள் காப்புக் கட்டினாள். நான் மருந்துப் பஞ்சு போட்ட டப்பாவுக்குள் தவளையை விட்டு மூடினேன். மூடியைப் பிடித்துக்கொண்டிருந்த என் உள்ளங்கையில் அது உள்ளே இருந்து முட்டுவது தெரிந்தது. பிறகு தெரியவில்லை. தட்டில் மல்லாத்தி, கை கால் நாலையும் ஊசியால் மெழுகில் குத்தினாள். கத்தியை எடுத்தாள். கை நடுங்கியது.

எண்ணெய் தேய்க்கிறவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. நடுங்குகிற உடம்பைக் கண்டால் கை தானாகப் போகும். அவள் மணிக்கட்டுக்கு மேலே இரண்டு விரலை வைத்து அழுத்தாமல் நிறுத்தினேன். "வாழத்தண்டுட்டி" என்றேன். "கொஞ்சம் கண்ணு மூக்கு வச்ச வாழத்தண்டு."

கீறினாள். விரித்தாள். எலும்பைத் தூக்கினாள்.

அது துடித்துக்கொண்டிருந்தது.

அப்போது நடந்ததை நான் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன், ஒருவரும் நம்பவில்லை. அருவிச் சத்தம் நின்றுவிட்டது. ஓயாததால் கேட்காது என்றேனே, அது நின்றபோதுதான் இவ்வளவு நாளாய்க் கேட்டுக்கொண்டிருந்தேன் என்று தெரிந்தது. காது அடைத்துவிட்டதோ என்று விரலை விட்டு ஆட்டினேன். இல்லை. ஊசி தகரத்தில் உரசுகிற சத்தம் தெளிவாகக் கேட்கிறது. அவள் மூச்சு கேட்கிறது. வெளியே வயலில், வாய்க்காலில், ஒரு தவளையும் கத்தவில்லை.

"அத்தான்," என்றாள் கொழுந்தியாள், கண்ணை எடுக்காமல். "ஒப்பிங்க."

"என்னத்த?"

"நரம்ப. சத்தமா."

ஆல்பேக்டரி என்று ஆரம்பித்தேன். என் குரல் யாருடையதோ மாதிரி இருந்தது. ஒவ்வொரு பேருக்கும் அவள் கத்தி நகர்ந்தது. நாலாவதைச் சொல்லும்போது அவளும் சேர்ந்து சொன்னாள். வாழை நாரை எடுத்த அதே விரலால் வெள்ளை நூல் மாதிரி ஒன்றை வெளியே எடுத்துக் கறுப்புக் காகிதத் துண்டின்மேல் படுக்க வைத்தாள். அறுபடவில்லை. கடைசியில் இதயத்தை எடுத்து உப்புத் தண்ணீர் ஊற்றிய கிண்ணியில் போட்டாள். அங்கேயும் அது துடித்தது. உடம்பு ஒரு பக்கம், அது ஒரு பக்கம். மனைவி கரண்டியோடு கதவருகே வந்து எட்டிப் பார்த்தாள். அவள் உலை வைத்து, அரிசி வெந்து, கஞ்சி வடித்து முடிக்கிறவரை அது நிற்கவில்லை. நின்றபோது நாங்கள் மூன்று பேரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். அருவிச் சத்தம் எப்போது திரும்ப வந்தது என்று எனக்குத் தெரியாது.

மனைவியிடம் பிறகு கேட்டேன், உனக்கும் சத்தம் நின்றதா என்று. "பேசாம சாப்பிடுங்க" என்றாள். இலையில் பார்த்தால் வாழைத்தண்டுக் கூட்டு. அன்றைக்கு மட்டும் நான் அதைத் தொடவில்லை.

பொங்கலுக்குள் ஒன்பது தவளை அறுத்தாள். ஒன்பதுக்கும் காப்புக் கட்டினாள். இந்த ஒன்பது பொட்டலத்தையும் நான் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் புதைத்தேன். தேவாரம் பாடவில்லை. பாட வரவில்லை.

பங்குனியில் பரீட்சை. திரும்பி வந்து நடந்ததைச் சொன்னாள். பழக்கதோஷத்தில் முந்தானை முடிச்சில் வைத்திருந்த மஞ்சள் நூலை எடுத்துத் தவளையின் காலில் கட்டிவிட்டாளாம். வெளியூரிலிருந்து வந்த எக்ஸாமினர் மேஜையருகே வந்து நின்று, "இது என்னம்மா?" என்றாராம். "அடையாளம் சார், என் தவளைன்னு" என்றாளாம். அவர் நரம்பை எடுத்துக் காகிதத்தில் வைக்கிறவரை அங்கேயே நின்று பார்த்துவிட்டுப் போனாராம்.

மார்க் வந்தது. பிராக்டிகலில் உயரே போயிருந்தாள். பேப்பர்களிலும் மேலே ஏறியிருந்தாள். மனுப் போட்டாள். முதல் பட்டியலில் பேர் இல்லை. அந்த இரண்டு வாரம் மாமனார் வீட்டில் யாரும் அவளிடம் பேசவில்லை. இரண்டாவது பட்டியலில் வந்தது. மாமனார் கடிதாசியைப் பூசையறையில் வைத்துவிட்டு வந்து, "எத்தன அறுத்தா?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். ஒன்பது என்றேன். ஒன்பது எள்ளுருண்டை செய்து கோயிலில் கொடுக்கச் சொன்னார்.

அவள் புறப்படுகிறதற்கு முந்தின நாள் குற்றாலத்தில் சாரல் தொடங்கியிருந்தது. சீசன் ஆட்கள் வந்துவிட்டார்கள். பங்களா வராந்தாவில் மதுரை முதலாளியின் உறவுக்காரர்கள் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருக்க, நானும் அவளும் கத்தரிக்கோலோடு தோட்டத்தில் குனிந்து குனிந்து தவளை தேடினோம்.

"காவக்காரனுக்கு என்ன ஆச்சு?" என்று யாரோ கேட்டார்கள்.

"காப்பு அவுக்கேன் சார்" என்றேன். அதற்கு மேல் அவர்கள் கேட்கவில்லை.

அவள் ஜன்னல் வழியே விட்டவை மொத்தம் பதினொன்று. நூல் வெளுத்துப் போயிருந்தும் ஏழு கிடைத்தன. ஒவ்வொன்றாக நூலை வெட்டினாள். வெட்டியதும் அது ஒரே தாவாகத் தாவிக் கேட்டுக்கு வெளியே போயிற்று. ஒன்றுகூட உள்பக்கம் தாவவில்லை. மீதி நாலை இருட்டுகிறவரை தேடினோம். "விடுட்டி, நூலு இத்துப் போயிருக்கும்" என்றேன். அவள் தலையை ஆட்டினாள். ஆனால் மறுநாள் பஸ் ஏறுகிறவரை படியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வருஷங்கள் போயின. அவள் டாக்டராகி, அறுவை சிகிச்சைப் பிரிவில் ஒரு பெரிய டாக்டருக்கு உதவியாக ஒரு அரசாங்க ஆஸ்பத்திரியில் இருந்தாள். அறுபதுகளின் நடுவில் எனக்குக் குடலிறக்கம் வந்தது. சீசனில் பெரிய பெரிய உடம்புகளைப் புரட்டியதன் பலன். அவள் இருந்த ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோனார்கள்.

முதுகுத்தண்டில் ஊசி போட்டார்கள். இடுப்புக்குக் கீழே நான் இல்லை. மேலே மட்டும் முழிப்பாக இருக்கிறேன். கையை இரண்டு பக்கமும் விரித்துக் கட்டினார்கள். மேலே பெரிய விளக்கு. மல்லாந்து கிடந்தபோதுதான் எனக்கு அந்த மெழுகுத் தட்டு ஞாபகம் வந்தது. நடுவில் பச்சைத் துணியைத் திரையாகக் கட்டுவதற்கு முன்னால் தலையைத் தூக்கி ஒரு தரம் என் காலைப் பார்த்தேன்.

இடது கணுக்காலில் மஞ்சள் நூல். மூன்று சுற்று.

யார் கட்டியது, எப்போது கட்டியது, எனக்குத் தெரியாது. உணர்ச்சி இல்லாத கால். அந்த நூல் கட்டியவற்றில் இரண்டு வகை உண்டு. ஜன்னல் வழியே இறக்கி விட்டது பதினொன்று. அறுத்தது, பரீட்சையில் ஒன்றையும் சேர்த்து, பத்து. நான் எந்தக் கணக்கு?

திரைக்கு அந்தப் பக்கமிருந்து அவள் குரல் வந்தது. வாயில் துணி கட்டியிருந்ததால் தூரத்தில் எங்கேயோ இருந்து பேசுகிற மாதிரி இருந்தது.

"அத்தான், முழிச்சிருக்கியளா?"

"இருக்கேன். ஏட்டி, காலுல என்னது?"

"காப்பு. எல்லையத் தாண்டாதிய."

கத்தி எடுக்கிற சத்தம் கேட்டது. தட்டில் தகரச் சத்தம். அதற்கு அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. மேலே சுழன்ற மின்விசிறி, வெளியே வராந்தாவில் பேச்சு, எல்லாம் நின்றுவிட்டது. இந்த அமைதியை எனக்குத் தெரியும். ஒரு தடவை கேட்டிருக்கிறேன். என் நெஞ்சு மட்டும் அடித்தது. திரைக்கு அந்தப் பக்கமும் ஏதோ அதே தாளத்தில் அடிக்கிற மாதிரி இருந்தது.

"ஒப்பிங்க" என்றாள்.

"என்னத்த?"

"நரம்ப. சத்தமா."

"ஆல்பேக்டரி," என்றேன். "ஆப்டிக். ஆக்குலோமோட்டார்." பக்கத்தில் நின்ற நர்ஸ் என்னைக் குனிந்து பார்த்தாள். "ட்ரைஜெமினல்…"

"நாலாவத விட்டுட்டிய," என்றாள் கொழுந்தியாள். "மொதல்ல இருந்து வாங்க."